ஒரே திரை, இரண்டு பக்கங்கள், ஐந்து விநாடி: பிரவுசர் டெஸ்டில் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை எவரும் திறந்து பார்க்கக்கூடிய இரண்டு பக்கங்கள். டேவ் ஹெஃப்னர் உருவாக்கிய ‘தி இன்டர்நெட்’ என்ற பயிற்சித் தளத்தில் ‘டைனமிக் லோடிங்’ என்ற தலைப்பின் கீழ் எடுத்துக்காட்டு 1, எடுத்துக்காட்டு 2 என இவை இருக்கின்றன. பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவியான செலினியத்தைக் கற்கத் தொடங்கும் பலரும் இந்தத் தளத்தின் வழியாகத்தான் வருகிறார்கள். பக்கத்தில் ‘ஸ்டார்ட்’ என்று ஒரு பட்டன். அழுத்தினால் பட்டன் மறைந்து ‘லோடிங்...’ என்ற எழுத்தும் ஓடும் பட்டையும் தோன்றும். சுமார் ஐந்து விநாடியில் அதுவும் மறைந்து ‘ஹலோ வேர்ல்ட்!’ என்ற வரி வரும். இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் மேலே உள்ள தலைப்பு வரியைத் தவிர, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

டெஸ்ட் ஸ்கிரிப்டுக்கு இவை இரண்டும் முற்றிலும் வேறு. முதல் பக்கத்தில் ‘ஃபினிஷ்’ என்ற ஐடி (அடையாளப் பெயர்) கொண்ட டிவ் (பக்கத்தின் ஒரு பெட்டிப் பகுதி), அதனுள் ‘ஹலோ வேர்ல்ட்!’ தலைப்பு, எல்லாமே பக்கம் திறந்த கணத்திலிருந்தே டிஓஎம்மில், அதாவது பக்கத்தின் உறுப்புகளை (எலிமென்ட்களை) பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் மரத்தில், இருக்கின்றன. தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மட்டும் அதை மறைத்து வைத்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் அந்த டிவ் இல்லவே இல்லை. ஐந்து விநாடி கழித்துத்தான் ஜாவாஸ்கிரிப்ட் அதை உருவாக்கிச் சேர்க்கிறது. ‘எலிமென்ட் லோடு ஆகும்வரை காத்திரு’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியத்துக்குள் குறைந்தது இரண்டு நிலைமைகள் ஒளிந்திருப்பதை இந்த ஜோடி போலத் தெளிவாகக் காட்டும் வேறு எடுத்துக்காட்டைக் கண்டுபிடிப்பது கடினம்.

எந்தக் காத்திருப்பும் இல்லாமல்

முதலில் வெறும் ஸ்கிரிப்ட். பக்கத்தைத் திற, ஸ்டார்ட் பட்டனைக் கண்டுபிடி, அழுத்து, ஃபினிஷுக்குள் இருக்கும் தலைப்பைக் கண்டுபிடி, அதன் எழுத்தை எடுத்து ‘ஹலோ வேர்ல்ட்!’ உடன் ஒப்பிடு. இரண்டு பக்கத்திலும் இது ஃபெயில் ஆகும். ஃபெயில் ஆகும் விதம்தான் வேறு.

இரண்டாம் பக்கத்தில் நான்காவது படியிலேயே ‘நோ சச் எலிமென்ட்’ பிழை வரும். எலிமென்ட் இல்லை, அதனால் கிடைக்கவில்லை. முதல் பக்கத்தில் நான்காவது படி பிரச்சினை இல்லாமல் கடந்துவிடும். ஐந்தாவது படியில், கிடைத்த எழுத்து வெறுமை என்று ஒப்பீடு தோற்கும். செலினியம் பிரவுசரை இயக்கப் பயன்படுத்தும் வெப்டிரைவரில் ஓர் எலிமென்டின் எழுத்தைக் கேட்டால், திரையில் தெரியும் எழுத்தை மட்டுமே அது தரும். மறைந்திருக்கும் எலிமென்டுக்கு விடை வெற்றுச் சரம். இதைப் பார்த்து ‘சர்வர் தரவை அனுப்பவில்லை’ என்று பேக்எண்டு குழுவுக்கு பக் போடுவது நடக்கக்கூடியது. பிழைச் செய்தியைப் படிக்கும்போதே, கிடைக்கவில்லையா அல்லது கிடைத்தும் காலியா என்று பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

டிரைவர் தானாகவே ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்கலாம். காத்திருக்கிறது, ஆனால் வேறொன்றுக்காக. 2018 ஜூனில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்த வெப்டிரைவர் தரம் மூன்று கால வரம்புகளை வைத்திருக்கிறது: பக்கம் லோடு ஆக 300 விநாடி, ஸ்கிரிப்ட் ஓட 30 விநாடி, எலிமென்டைத் தேட 0. பக்கத்தைத் திறக்கும் கட்டளை, இயல்பு அமைப்பில், பிரவுசரின் ‘லோடு’ நிகழ்வு வரும்வரை நிற்கும். லோடு உத்தியை ‘ஈகர்’ என்று மாற்றினால் ஹெச்டிஎம்எல் படித்து முடித்த கணத்தில் திரும்பும். ‘நன்’ என்றால் நிற்கவே நிற்காது. ஸ்டார்ட் பட்டனை அழுத்துவதால் புதிய பக்கம் எதுவும் திறப்பதில்லை. ஆகவே இந்த வரம்புகளில் ஒன்றும் அங்கே உதவிக்கு வராது. கிளிக் போய்ச் சேர்ந்ததும் கட்டளை திரும்பிவிடும், அடுத்த கட்டளை சில மில்லி விநாடிகளில் வந்து நிற்கும். விடை வர இன்னும் ஐந்து விநாடி பாக்கி. ரியாக்ட், ஆங்குலர் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்புகளில் எழுதிய பக்கங்கள் பெரும்பாலும் இப்படித்தான். அவற்றில் ‘லோடு’ நிகழ்வு என்பது காலியான சட்டகம் வந்து சேர்ந்ததற்கான அறிவிப்பு மட்டுமே.

ஸ்லீப்

ஐந்து விநாடிதானே என்று கிளிக்குக்குப் பின் ஐந்து விநாடி ஸ்லீப் (ஸ்கிரிப்டை அவ்வளவு நேரம் அப்படியே நிறுத்தி வைக்கும் கட்டளை) போடுவது பலரும் எடுக்கும் முதல் அடி. நம் கணினியில் இது பெரும்பாலும் பாஸ் ஆகும், அதுதான் ஆபத்து. பக்கத்தின் டைமர் கிளிக் நடந்த கணத்தில் தொடங்குகிறது. நம் ஸ்லீப், கிளிக் முடிந்த செய்தி டிரைவரிடமிருந்து திரும்பி வந்த பிறகு தொடங்குகிறது. இந்தச் சில மில்லி விநாடி இடைவெளிதான் டெஸ்டைக் காப்பாற்றுகிறது. ஜாவாஸ்கிரிப்டின் செட்-டைம்அவுட் ‘குறைந்தது இவ்வளவு நேரம்’ என்று மட்டுமே உறுதி தரும், ‘அதிகபட்சம் இவ்வளவு’ என்று ஒருபோதும் சொல்லாது. இரண்டு கோர் மட்டும் கொண்ட ஒரு சிஐ மெஷினில் (ஒவ்வொரு கோட் மாற்றத்துக்கும் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் கணினியில்) நான்கு பிரவுசர்கள் ஒரே நேரத்தில் ஓடினால், அந்த மெல்லிய இடைவெளி கரைந்துவிடும்.

சரி, பத்து விநாடி போடலாம் என்றால் கணக்கு வேறு பக்கம் இடிக்கும். ஒரு டெஸ்டுக்கு ஐந்து விநாடி வீண். இப்படி 200 இடங்களில் இருந்தால் 1,000 விநாடி, அதாவது 16 நிமிடம் 40 விநாடி, ஒவ்வொரு பில்டிலும் வெறுமனே உட்கார்ந்திருப்பதற்காகவே. அப்படியும் பதினோராவது விநாடியில் வந்தால் ஃபெயில்.

இம்ப்ளிசிட் வெயிட் தீர்த்ததும் தீர்க்காததும்

டிரைவரைத் தொடங்கும்போதே இம்ப்ளிசிட் வெயிட் (எலிமென்டைத் தேடும் ஒவ்வொரு முறையும் டிரைவர் காத்திருக்கும் வரம்பு) 10 விநாடி என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதே ஸ்கிரிப்டை மாற்றமே இல்லாமல் மறுபடி ஓட்டலாம். இரண்டாம் பக்கம் பாஸ். முதல் பக்கம் முன்புபோலவே உடனே ஃபெயில், அதே வெற்றுச் சரத்தோடு.

இந்தச் சோதனை முழுவதிலும் இதுதான் மையமான முடிவு. இம்ப்ளிசிட் வெயிட் ‘இந்த லொக்கேட்டருக்கு (எலிமென்டைக் கண்டுபிடிக்க நாம் தரும் முகவரிக்கு) டிஓஎம்மில் ஏதாவது இருக்கிறதா’ என்ற ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. முதல் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு விடை ஆரம்பத்திலிருந்தே ‘ஆம்’. அதனால் பத்து விநாடி வரம்பில் ஒரு மில்லி விநாடிகூட அது செலவழிக்காது. வரம்பை 60 விநாடியாக்கினாலும் விளைவு இதேதான். ‘வெயிட்டைக் கூட்டிப் பார்த்தேன், சரியாகவில்லை’ என்ற புகார் எங்கே வந்தாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை: காத்திருக்கும் நேரம் போதாமல் இல்லை, காத்திருக்கும் பொருளே தவறு.

இம்ப்ளிசிட் வெயிட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஓர் எலிமென்ட் இல்லை என்பதை உறுதி செய்யும் ஒவ்வொரு இடத்திலும் முழு வரம்பும் செலவாகும். ‘பிழைச் செய்தி எதுவும் காட்டக்கூடாது’ என்பதற்கு எலிமென்ட் பட்டியலைக் கேட்டு அது காலியா என்று பார்க்கும் டெஸ்ட், பட்டியல் காலியாக இருக்கும் நல்ல நாளில்தான் பத்து விநாடி எடுக்கும்.

எக்ஸ்ப்ளிசிட் வெயிட்: கேள்வியை நாமே எழுதுவது

எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டுக்கு செலினியம் தரும் வெப்டிரைவர்வெயிட் நம் ஸ்கிரிப்ட் பக்கத்தில் ஓடும் சிறு சுழல். நிபந்தனையைச் சோதிக்கும், சரி என்றால் விடையோடு திரும்பும், இல்லையென்றால் அரை விநாடி தூங்கி மறுபடி சோதிக்கும், வரம்பு தாண்டினால் ‘டைம்அவுட்’ பிழை. இந்த அரை விநாடி இயல்பு மதிப்பு, மாற்றிக்கொள்ளலாம். 5.0 விநாடியில் எலிமென்ட் தோன்றினால் 5.0 முதல் 5.5 விநாடிக்குள் நமக்குத் தெரிந்துவிடும். வரம்பு 10 ஆனாலும் 30 ஆனாலும் அதே 5.5தான். வரம்பு என்பது உச்ச எல்லை, செலவு இல்லை. இதை மனதில் வாங்கிக்கொண்டால் வரம்பைக் கஞ்சத்தனமாக வைக்கும் பழக்கம் போய்விடும். அந்தத் திரையின் மிக மெதுவான நாளைப் போல் இரண்டு மூன்று மடங்கு வைப்பதில் நஷ்டமில்லை.

எந்த நிபந்தனையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘பிரசென்ஸ்’ (டிஓஎம்மில் இருக்கிறதா) நிபந்தனையைப் போட்டால் முதல் பக்கத்தில் கதை மாறாது. இம்ப்ளிசிட் வெயிட் கேட்ட அதே கேள்வியைத்தான் இதுவும் கேட்கிறது. ‘விசிபிலிட்டி’ (திரையில் தெரிகிறதா) நிபந்தனை போட்டால் இரண்டு பக்கங்களும் ஒரே ஸ்கிரிப்டில் பாஸ் ஆகும். எலிமென்ட் இல்லை என்றாலும் மறைந்திருக்கிறது என்றாலும் அது ‘இன்னும் இல்லை’ என்றே எடுத்துக்கொண்டு மேலும் காத்திருக்கும். பயனருக்குத் தெரிய வேண்டிய எதற்கும் விசிபிலிட்டியைத்தான் தொடக்கப் புள்ளியாக வைக்க வேண்டும். பிரசென்ஸ் உண்மையில் தேவைப்படும் இடங்கள் குறைவு: மறைந்த இன்புட்டில் கோப்பின் பாதையை ஏற்றுவது, மெட்டா டேக்கைச் சோதிப்பது போன்றவை.

சொந்தமாக நிபந்தனை எழுதும்போது ஒரு நுணுக்கம். ‘எலிமென்டைத் தேடு, அது தெரிகிறதா என்று சொல்’ என்று ஒரே வரியில் எழுதினால் அது டிரைவருக்கு இரண்டு தனித்தனிக் கட்டளைகளாகப் போகிறது. இரண்டுக்கும் நடுவே பக்கம் அந்த எலிமென்டை எடுத்துவிட்டுப் புதிதாக வரைந்தால் ‘ஸ்டேல் எலிமென்ட் ரெஃபரன்ஸ்’ பிழை (கையிலிருக்கும் குறிப்பு இப்போது பக்கத்தில் இல்லாத எலிமென்டைக் காட்டுகிறது என்பது) எழும். வெப்டிரைவர்வெயிட் இயல்பாகப் பொறுத்துக்கொள்வது எலிமென்ட் கிடைக்காத பிழையை மட்டுமே. ஸ்டேல் பிழை சுழலை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும், வரம்பில் இன்னும் எட்டு விநாடி மிச்சமிருந்தாலும். செலினியத்தோடு கூடவே வரும் விசிபிலிட்டி நிபந்தனை இதை உள்ளுக்குள் கவனித்துக்கொள்கிறது. நாம் எழுதுவதில் அந்தப் பிழையையும் புறக்கணிக்கும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இரண்டையும் கலந்தால்

செலினியம் ஆவணமே கலக்காதீர்கள் என்று எச்சரிக்கிறது: இம்ப்ளிசிட் 10, எக்ஸ்ப்ளிசிட் 15 என்று வைத்தால் டைம்அவுட் 20 விநாடியில் வரக்கூடும் என்று. ஏன் என்பதை இரண்டாம் பக்கத்தில் வைத்து விநாடி விநாடியாகப் பார்க்கலாம்.

இம்ப்ளிசிட் 10, எக்ஸ்ப்ளிசிட் 3. நோக்கம், மூன்று விநாடிக்குள் விடை வராவிட்டால் டெஸ்ட் தோற்க வேண்டும். கிளிக் நடந்ததும் எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டின் முதல் சோதனை தொடங்குகிறது. அது டிரைவரிடம் ‘எலிமென்டைத் தேடு’ என்று கேட்கிறது. டிரைவர் தன் பங்குக்கு 10 விநாடி வரை தேடலாம் என்று உட்கார்ந்துவிடுகிறது. மூன்றாவது விநாடி கடந்து போகும்போது நம் ஸ்கிரிப்ட் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்க அதற்கு வாய்ப்பே இல்லை. ஐந்தாவது விநாடியில் எலிமென்ட் வருகிறது, டிரைவர் விடை தருகிறது, நிபந்தனை ‘சரி’ என்கிறது. சுழல் முதலில் விடையைப் பார்க்கிறது, அப்புறம்தான் நேரத்தை. டெஸ்ட் பாஸ். மூன்று விநாடி வரம்பு ஐந்தாவது விநாடியில் ‘வெற்றி’ என்று எழுதுகிறது. எலிமென்ட் வராமலே போயிருந்தால், மூன்று விநாடி வரம்பு பத்து விநாடி எடுத்திருக்கும். ஆவணத்தின் 10, 15 கணக்கும் இதே வழிதான்: முதல் தேடல் 10இல் முடிகிறது, 15 இன்னும் ஆகவில்லை, இரண்டாவது தேடல் இன்னொரு 10ஐ விழுங்குகிறது.

‘மறைந்துவிட்டதா’ என்று கேட்கும் நிபந்தனையும் இதில் மாட்டும். எலிமென்ட் ஏற்கெனவே போய்விட்டிருந்தால், இல்லை என்று தெரிந்துகொள்ளவே முழு 10 விநாடி. டெஸ்ட் தொகுப்பு காரணமில்லாமல் மெதுவாகியிருந்தால் இந்தக் கூட்டணியைத் தேடிப் பாருங்கள். இம்ப்ளிசிட்டை 0இல் விட்டுவிட்டு எக்ஸ்ப்ளிசிட்டை மட்டும் வைத்துக்கொள்வதே சரி.

லோடிங் பட்டை மறைந்ததும் என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் இது தவறாகப் பாஸ் ஆகக்கூடிய நிபந்தனை. ‘இன்விசிபிலிட்டி’ என்பது எலிமென்ட் மறைந்திருந்தாலும் சரி, இல்லவே இல்லையென்றாலும் சரி, ‘ஆம்’ என்றுதான் சொல்லும். நம் இரண்டு பக்கங்களிலும் லோடிங் பட்டை கிளிக்கின் அதே கணத்தில் சேர்க்கப்படுவதால் தப்பிக்கிறோம். பட்டை சட்டென மின்னி மறைவது கண்ணை உறுத்தும் என்பதால், பல செயலிகளில் சற்றே தாமதித்துத்தான் அதைக் காட்டுவார்கள். அந்தச் சிறு இடைவெளியில் நம் சோதனை போய்ச் சேர்ந்தால் பட்டை இன்னும் வரவில்லை. நிபந்தனை ‘மறைந்துவிட்டது’ என்று முடிவு கட்டும். ஸ்கிரிப்ட் பழைய தரவைப் படிக்கும். பட்டை தோன்றும்வரை முதலில் காத்திரு என்று ஒரு படி சேர்த்தால் எதிர்த்திசையில் இடிக்கும்: சர்வர் வேகமாகப் பதில் தந்த நாளில் பட்டை வராமலே போகும், டெஸ்ட் அங்கேயே டைம்அவுட்.

இதே வகையில் இன்னொன்று, தேடல் முடிவுப் பட்டியல். ‘சென்னை’ என்று தேடி முடிவு வந்த பிறகு ‘மதுரை’ என்று தேடும்போது, முடிவு வரிசை தெரிகிறதா என்று கேட்டால் பழைய வரிசையே ‘தெரிகிறேன்’ என்று சொல்லிவிடும். இங்கே இரண்டு வழி. பழைய முதல் வரிசையின் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அது ஸ்டேல் ஆகும்வரை காத்திருப்பது ஒன்று. புதிய தேடலுக்கு மட்டுமே உரிய எழுத்து வரும்வரை காத்திருப்பது மற்றொன்று. ரியாக்ட் போன்றவை பழைய எலிமென்டை எடுக்காமல் உள்ளிருக்கும் எழுத்தை மட்டும் மாற்றக்கூடும் என்பதால் இரண்டாவது வழியே நம்பகமானது.

பிளேரைட்டும் சைப்ரஸும்

செலினியத்தைப் போலவே பிரவுசரில் டெஸ்ட் ஓட்டும் கருவிகள் இவை இரண்டும். 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட், கிளிக் செய்யும் முன் தானாகவே சிலவற்றைச் சோதிக்கிறது: எலிமென்ட் தெரிகிறதா, அடுத்தடுத்த இரண்டு அனிமேஷன் ஃபிரேம்களில் இடம் மாறாமல் நிற்கிறதா, கிளிக் அதற்குத்தான் போய்ச் சேருமா அல்லது மேலே ஏதாவது மூடியிருக்கிறதா, எனேபிள் ஆகியிருக்கிறதா. அதனால் இந்தப் பிரச்சினையே இனி இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. நம் இரண்டு பக்கங்களிலும் வைத்துப் பார்த்தால் அது உண்மையில்லை.

முதல் பக்கம். ஸ்டார்ட்டை அழுத்தி, ஃபினிஷின் எழுத்து ‘ஹலோ வேர்ல்ட்!’ ஆக இருக்க வேண்டும் என்று ‘டு ஹேவ் டெக்ஸ்ட்’ கொண்டு உறுதிசெய்தால், டெஸ்ட் உடனே பாஸ் ஆகிவிடும். ஐந்து விநாடி காத்திருக்காது. லோடிங் பட்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். காரணம், அந்த உறுதிப்பாடு இயல்பாகப் பார்ப்பது டிஓஎம்மில் உள்ள எழுத்தை, திரையில் தெரியும் எழுத்தை இல்லை. செலினியம் வெற்றுச் சரம் தந்து தவறாகத் தோற்ற அதே இடத்தில் பிளேரைட் தவறாக வெல்கிறது. இதை இன்னும் மோசமான தவறாகவே கருதுகிறோம், ஏனென்றால் பாஸ் ஆனதைக் காட்டும் பச்சை நிறத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. முதலில் ‘டு பி விசிபிள்’, பிறகு எழுத்து என்று எழுதினால் சரியாகும். சைப்ரஸின் ‘ஹேவ் டெக்ஸ்ட்’ உறுதிப்பாடும் மறைந்த எழுத்தை ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாம் பக்கம். பிளேரைட் உறுதிப்பாடுகளின் இயல்பு வரம்பு 5 விநாடி. பக்கம் எடுப்பதும் ஐந்து விநாடி. டெஸ்ட் நூலிழையில் தொங்கும். ஒருநாள் பாஸ், ஒருநாள் ஃபெயில். சைப்ரஸின் இயல்பு வரம்பு 4 விநாடி, ஆகவே அங்கே நிச்சயமாக ஃபெயில். அந்த ஓர் உறுதிப்பாட்டுக்கு மட்டும் வரம்பை 15 விநாடியாக்குவது போதும். மொத்தத் தொகுப்புக்கும் உயர்த்தினால் உண்மையாகவே உடைந்த டெஸ்ட்கள் எல்லாம் தோற்க நேரமெடுக்கும். இந்தப் பக்கத்தின் தாமதம் வெறும் டைமர் என்பதால், சைப்ரஸில் கடிகாரத்தைப் பொய்யாக நிறுத்தி ஐந்து விநாடி முன்னே தள்ளவும் முடியும். தாமதம் நெட்வொர்க்கிலிருந்து வந்தால் இந்த வித்தை பலிக்காது.

பிளேரைட்டில் இன்னும் இரண்டு பொறி. ‘இஸ் விசிபிள்’ என்று கேட்பது காத்திருப்பதில்லை, அந்தக் கணத்தின் விடையை மட்டும் தரும். அதை ஒப்பீட்டுக்குள் வைத்து எழுதினால் காத்திருப்பு முழுவதும் காணாமல் போகும். அடுத்து ‘நெட்வொர்க் ஐடில்’: அரை விநாடி எந்த நெட்வொர்க் தொடர்பும் இல்லாத நிலை. டைமர் ஓடும் இந்தப் பக்கத்தில் நெட்வொர்க் எப்போதோ அமைதியாகிவிட்டது, விடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இடைவிடாமல் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும் டாஷ்போர்டில் அந்த அமைதி வரவே வராது. டெஸ்டுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று பிளேரைட் ஆவணமே சொல்கிறது.

தெரிகிறது, ஆனால் தொட முடியாது

அதே தளத்தில் ‘டைனமிக் கன்ட்ரோல்ஸ்’ என்ற பக்கம் அடுத்த படியைக் காட்டுகிறது. அங்கே ஓர் எழுத்துப் பெட்டி தொடக்கம் முதலே தெரிகிறது, ஆனால் டிசேபிள் ஆகியிருக்கும். ‘எனேபிள்’ பட்டனை அழுத்திச் சில விநாடி கழித்தே தட்டச்சு ஏறும். விசிபிலிட்டிக்காகக் காத்திருந்தால் இங்கே உடனே ‘ஆம்’, உடனே தோல்வி. தேவைப்படுவது தெரிவதையும் எனேபிள் ஆகியிருப்பதையும் சேர்த்துப் பார்க்கும் ‘எலிமென்ட் டு பி கிளிக்கபிள்’. பட்டன்களில் இது இன்னும் முக்கியம். டிசேபிள் ஆன பட்டனை வெப்டிரைவர் அழுத்தினால் பிழை வராது; கிளிக் ஒன்றும் செய்யாமல் போகும், டெஸ்ட் நான்கு படி தள்ளி வேறெங்கோ விழும்.

அதே பக்கத்தின் செக்பாக்ஸை ‘ரிமூவ்’ செய்து ‘ஆட்’ செய்தால் வருவது புதிய எலிமென்ட். முதலில் பிடித்து வைத்திருந்த குறிப்பு ஸ்டேல். எலிமென்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் லொக்கேட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடுவது இதற்கான எளிய வழி.

பெயரில் ‘கிளிக்கபிள்’ என்று இருந்தாலும் மேலே ஒரு படலம் மூடியிருக்கிறதா என்பதை செலினியத்தின் அந்த நிபந்தனை பார்ப்பதில்லை. மூடியிருந்தால் ‘எலிமென்ட் கிளிக் இன்டர்செப்டட்’ பிழை வரும், அந்தச் செய்தியில் எது மறைத்தது என்பதையும் குரோம் டிரைவர் எழுதியிருக்கும். அந்தப் படலம் மறையும்வரை காத்திருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் வழியாக கிளிக்கைத் திணிப்பது இந்தப் பிழையை மறைக்கும், பயனரால் அழுத்த முடியாத பட்டனை டெஸ்ட் அழுத்திக்கொண்டிருக்கும்.

எந்தக் கருவியாலும் வெளியிலிருந்து பார்க்க முடியாத நிலை ஒன்று உண்டு. சர்வரில் வரையப்பட்டு வரும் பக்கங்களில் பட்டன் முதலில் வந்துவிடும், அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பிறகுதான் ஒட்டிக்கொள்ளும். தெரிகிறது, எனேபிள் ஆகியிருக்கிறது, அசையவில்லை, மூடப்படவுமில்லை. அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்காது. இதை டெஸ்டில் சரிசெய்ய முயலாமல் செயலியில் சரிசெய்ய வேண்டும்: ஸ்கிரிப்ட் ஒட்டும்வரை பட்டனை டிசேபிள் ஆகவே அனுப்புவது. அவசரக்காரப் பயனருக்கும் அதே பலன்.

தமிழ்ப் பக்கங்களைச் சோதிப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. குறிப்பிட்ட எழுத்து வரும்வரை காத்திருக்கும் நிபந்தனை, அந்தச் சொல் திரையில் பளிச்சென்று இருக்கும்போதே டைம்அவுட் ஆகலாம். ‘ொ’ என்ற குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் எழுதலாம். ‘கொள்முதல்’ இரண்டு விதத்திலும் ஒரே மாதிரித் தெரியும், ஒப்பீட்டில் பொருந்தாது. ‘ோ’, ‘ௌ’ குறிகளுக்கும் இதே நிலை. ஒப்பிடும் முன் எதிர்பார்க்கும் எழுத்தையும் கிடைத்த எழுத்தையும், குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஜாவா, பைதான், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் அதற்கான வசதி கூடவே வருகிறது.

டைம்அவுட் வந்த பிறகு

‘10 விநாடியில் நிபந்தனை நிறைவேறவில்லை’ என்ற ஒற்றை வரியை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. டைம்அவுட் எழும் இடத்தில் ஒரு சிறு ஃபங்ஷன் எழுதி ஐந்தை மட்டும் பதிவு செய்யுங்கள்: லொக்கேட்டருக்கு எத்தனை எலிமென்ட் பொருந்தியது, முதலாவது தெரிகிறதா, எனேபிள் ஆகியிருக்கிறதா, அதன் டிஓஎம் எழுத்து என்ன, ஸ்கிரீன்ஷாட். எண்ணிக்கை 0 என்றால் லொக்கேட்டர் தவறு, அல்லது எலிமென்ட் வேறு ஐஃபிரேமில் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கத்தில்) இருக்கிறது, அல்லது உண்மையிலேயே வரவில்லை. 1, ஆனால் தெரியவில்லை என்றால் முதல் பக்கத்தின் நிலை. 2 என்றால், பெரும்பாலும் மொபைலுக்கு ஒன்று டெஸ்க்டாப்புக்கு ஒன்று என மெனுவை இரண்டு முறை வரைந்து ஒன்றை மறைத்து வைத்திருக்கிறார்கள். மறைந்தது முதலாவதாக இருந்தால், செலினியம் அதையே எடுத்துக்கொண்டு அது தெரியக் காத்திருக்கிறது, அது ஒருபோதும் தெரியாது. பிளேரைட் இந்த இரட்டையை ஏற்காமல் பிழையாகவே சொல்லிவிடும்.

சிஐயில் மட்டும் விழும் டெஸ்டை நம் மேசையில் விழவைக்க, குரோமை வெளியிலிருந்து கட்டுப்படுத்த உதவும் டெவ்டூல்ஸ் புரோட்டோகால் வழியாக சிபியுவை நான்கு மடங்கு மெதுவாக்கி, நெட்வொர்க்குக்கு 400 மில்லி விநாடி தாமதம் சேர்த்து, அதே டெஸ்டை 50 முறை தொடர்ந்து ஓட்டுங்கள். நிபந்தனை சரியாக இருந்தால் 50ம் மெதுவாகப் பாஸ் ஆகும். அவ்வப்போது விழுந்தால் மேலே சொன்ன ஐந்து பதிவுகளில் எது மாறுகிறது என்று பாருங்கள். தோற்றால் தானாக மறுபடி ஓட்டும் ரீட்ரை அமைப்பை இந்த ஓட்டத்தின்போது அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விழுந்த தடமே அறிக்கையில் பச்சையாகிவிடும்.